இரட்டையரில் மிச்சமிருப்பவள் எழுதுவது

என்னோடு ஒரே நாளில் பிறந்த சாம் அண்ணாவுக்கு,

மழை பிடித்துக்கொண்டது. பெருங்களத்தூரில் எங்கள் வாசலில் வழக்கம்போலக் கணுக்கால் தண்ணீர். அடுத்த வாரம் நம் பிறந்தநாள். அப்படி எழுதிவிட்டு, அதை அடித்து, ‘என் பிறந்தநாள்’ என்று எழுதிப் பார்த்தேன். கைக்கு வரவில்லை. நம் பிறந்தநாள் என்றே இருக்கட்டும்.

நேற்று மத்தியானம் சேகர் வந்தான். அதே சேகர்தான். மேற்குத் தாம்பரம் ஆட்டோ ஸ்டாண்டு, நம் ரசிகர் மன்றத் தலைவர். கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் பாடுகிற மெல்லிசைக் குழுவுக்கெல்லாம் ரசிகர் மன்றம் உண்டா என்று என் வீட்டுக்காரர் இன்னமும் கேலி செய்கிறார். அவன் ஒன்று சொல்லிவிட்டுப் போனான். அதை உங்களிடம் சொல்லாமல் எனக்கு ராத்தூக்கம் வராது. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால், உங்களிடம் நான் சொல்லாமலே வைத்திருந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

முதலில் வீட்டு நிலவரம். ஸ்டெல்லா அண்ணிக்கு ரயில்வேயிலேயே வேலை கிடைத்துவிட்டது, உங்கள் இடத்துக்கு. முதல் மாதம் டிபன் பாக்ஸை ஆபீசிலேயே மறந்து வைத்துவிட்டு வந்துகொண்டிருந்தார். இப்போது பழகிவிட்டார். உங்கள் பெண் பிளஸ் டூ படிக்கிறாள். உங்களைப் போலவே கோபம் வந்தால் ஆங்கிலத்தில் பேசுகிறாள். பாட்டு மட்டும் வேண்டாம் என்கிறாள். நான் வற்புறுத்தவில்லை.

குழு நடக்கிறது. புதிதாக ஒரு பையன் பாடுகிறான். நல்ல குரல். கெட்டிக்காரன். ஆனால் டூயட்டில் பல்லவி முடிந்து நான் மூச்சு வாங்குவதற்குள் அவன் சரணத்துக்குப் போய்விடுகிறான். நீங்கள் என் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தானே எடுப்பீர்கள். இதை அவனிடம் எப்படிச் சொல்வது? ‘பார்த்துப் பாடு தம்பி’ என்று ஒருநாள் சொன்னேன். அவன் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாட ஆரம்பித்துவிட்டான்.

வயலின்காரர்கள் யாருமே இப்போது இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே கீபோர்டு. சில கல்யாணங்களில் அதுவும் வேண்டாம், டேப்பில் இசையைப் போட்டு அதன் மேலே பாடினால் போதும் என்கிறார்கள். முடிச்சூர்ப் பக்கம் நீங்கள் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சாதகம் செய்வீர்களே, அந்த வயல் முழுக்க மனைக் கல் நட்டாகிவிட்டது. இதையெல்லாம் கேட்டு நீங்கள் என்ன சொல்வீர்கள்? பெரிதாக ஒன்றும் சொல்ல மாட்டீர்கள். “சரி, டீ சொல்லு” என்பீர்கள்.

நமக்கு ஒரே பிறந்தநாள் என்று தெரிந்த கதை உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்தக் கடிதம் வேறு யார் கையிலாவது கிடைத்தால் அவர்களுக்குத் தெரியாது. அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் குழுவில் சேர்ந்த புதிது. டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சர்ச் பாடகர் குழுவிலிருந்து வந்தவர், தாம்பரத்தில் அப்போதே பெயர் வாங்கியிருந்தீர்கள். ஒத்திகைக்கு நடுவில் எல்லோருடைய பிறந்தநாளையும் விசாரித்துக்கொண்டு வந்தீர்கள், கேக் தின்ன ஒரு சாக்கு வேண்டுமென்று. என்னைக் கேட்டதும் நான் “கார்த்திகை, ரோகிணி” என்றேன். நீங்கள் முழித்தீர்கள். அது எந்தத் தேதி என்று கேட்டீர்கள். அது வருஷா வருஷம் மாறும் என்றேன். “பொறந்தநாள் எப்படிம்மா மாறும்?” என்றீர்கள். எங்கள் வீட்டில் நட்சத்திரம்தான் கணக்கு. அன்றைக்குத் தலைக்குக் குளித்து, கோயிலில் அர்ச்சனை செய்து, சேமியா பாயசம் குடித்தால் வயது கூடிவிடும். இங்கிலீஷ் தேதி பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டில் மட்டும் இருந்தது. மறுநாள் அதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். தேதியும் அதுதான், வருஷமும் அதுதான். நீங்கள் ஆர்மோனியத்தை ஓங்கி அடித்த அடியில் ஒரு கட்டை உள்ளே போய்விட்டது.

உங்களைப் பெற்றது காலையில் சர்ச் மணி அடிப்பதற்கு முன்னால் என்று உங்கள் அம்மா சொன்னார். என்னைப் பெற்றது சாயங்காலம் பால் கறக்கிற நேரத்தில் என்று என் அம்மா சொன்னாள். அந்த அரை நாளில் நீங்கள் எனக்கு அண்ணன் ஆனீர்கள். அந்த வருஷம் நீங்கள் வாங்கிய கேக்கில் இரண்டு பேருடைய பெயரையும் எழுத இடம் போதவில்லை. மல்லிகாவில் ‘கா’ மட்டும் பக்கவாட்டில் வழிந்திருந்தது. என் வாழ்நாளில் நான் வெட்டிய முதல் கேக் அது. அதை வீட்டுக்கு எடுத்துப்போனால் அதில் முட்டை இருக்கும் என்று அம்மா தொடவில்லை. என் தம்பிகள் தின்றார்கள்.

அதற்குப் பிறகு நம் பிறந்தநாள் ஊர் பிறந்தநாளாகிவிட்டது. வருஷா வருஷம் அன்றைக்கு மார்க்கெட் பக்கத்தில் மேடை போட்டு இலவசக் கச்சேரி. பாதி வருஷங்களில் கச்சேரி மழையில் நின்றுபோகும், தார்ப்பாய்க்குக் கீழே மைக் இல்லாமல் பாடுவோம். ஒரு டூயட்டில் குரல் மாற்றிப் பாடுவோம். நீங்கள் பெண் வரிகளை, நான் ஆண் வரிகளை. அதற்குத்தான் விசில் பறக்கும். நீங்கள் வெட்கப்பட்டுக்கொண்டே தலையைச் சாய்த்துப் பாடுவதைப் பார்க்கக் குரோம்பேட்டையிலிருந்தும் வண்டலூரிலிருந்தும் ஆட்கள் ரயிலேறி வருவார்கள். மாரியம்மன் கோயிலில் நீங்கள் பாடுவதும், கிறிஸ்துமஸுக்கு நான் பாடுவதும் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாமல் போனது அப்போதுதான்.

போஸ்டர் அடித்தது சேகர். ‘ஒரே நாளில் பிறந்த இன்னிசை இரட்டையர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டான். அதில் ‘ஒரே நாளில் பிறந்த’ என்பது மழையில் சீக்கிரம் கிழிந்துவிடும் போலிருக்கிறது, ஜனங்களுக்கு ‘இரட்டையர்’ மட்டும் மனதில் நின்றுவிட்டது. நாம் உண்மையிலேயே இரட்டைப் பிள்ளைகள் என்று சேலையூரில் பாதிப் பேர் நம்பினார்கள். ஒருத்தர் எப்படி சாமுவேல், இன்னொருத்தி எப்படி மல்லிகா என்று யாருமே யோசிக்கவில்லை. ஒரு கல்யாண வீட்டில் ஒரு பாட்டியம்மா என் தாடையைப் பிடித்து, “உங்கம்மா ரெண்டையும் எப்படித் தாங்கினாளோ” என்றார். நீங்கள் பக்கத்தில் நின்று, “ரொம்ப கஷ்டப்பட்டாங்க பாட்டி” என்றீர்கள்.

அப்படியே இருந்திருக்கக் கூடாதா, அண்ணா?

உங்கள் கால் வீங்க ஆரம்பித்தபோது நாம் எல்லோரும் நின்றுகொண்டே பாடுவதால் என்று நினைத்தோம். முகமும் வீங்கியபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டீர்கள். தண்ணீர் அளவுதான் உங்களை வதைத்தது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுத்தார்கள். பாடுகிறவனுக்குத் தண்ணீரை அளந்து கொடுத்தால் அவன் என்ன செய்வான்? ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து பாடினீர்கள். இடையிசை வரும்போது ஐஸைக் கன்னத்துக்குத் தள்ளுவீர்கள். உங்கள் பக்கத்தில் நின்று பாடும்போது என் ஃபிளாஸ்க்கை நான் திறந்ததில்லை. அது உங்களுக்குத் தெரியும். தெரிந்து, திட்டவும் செய்தீர்கள்.

மாற்றுச் சிறுநீரகம்தான் வழி என்றார் டாக்டர். அண்ணிக்குச் சர்க்கரை. உங்கள் அம்மாவுக்கு வயதாகிவிட்டது, ரத்தக் கொதிப்பு வேறு. கூடப் பிறந்தவர்கள் கிடையாது. அன்றைக்குத்தான் நான் என் ரத்தத்தைப் பரிசோதித்துக்கொண்டேன். உங்கள் வகையேதான். அதைக் கேட்டு நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் சிரித்தேன். பின்னே, இரட்டையர் இல்லையா நாம்?

வீட்டில் சொன்னேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஒரே நாள், ஒரே ராசி, அவனுக்கு வந்த சனி உன்னையும் பிடிக்கப் பார்க்கிறது, நீ போய்க் கழுத்தை நீட்டுகிறாயா என்றாள். ஜோசியரிடம் போய்விட்டு வந்து இன்னும் அழுதாள். என் வீட்டுக்காரர் எதுவும் சொல்லவில்லை. கடைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். அந்த மௌனத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒருநாள் காலையில் ஷட்டர் சாவியை எடுத்துக்கொண்டே, “ஆபரேஷன் ஆனா எத்தனை நாள் நீ வெயிட் தூக்கக் கூடாதுன்னு கேட்டுட்டு வா” என்றார். அவ்வளவுதான். அந்த மனிதரை நான் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும்.

ஆனால் புதிதாகச் சட்டம் வந்திருந்தது. சிறுநீரகத்தை விலைக்கு விற்கிற அநியாயம் நடந்ததால், சொந்த ரத்த உறவோ புருஷன் பெண்டாட்டியோதான் கொடுக்கலாம், மற்றவர்கள் ஒரு அரசாங்கக் குழுவின் முன்னால் போய் அன்பினால்தான் கொடுக்கிறேன் என்று நிரூபிக்க வேண்டும். இது சேகர் காதுக்குப் போயிற்று. அவன் என்ன செய்தான் என்று உங்களிடம் அப்போது யாரும் சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் சிரித்து உங்களுக்கு மூச்சு வாங்கும் என்று பயந்தோம்.

உங்கள் சர்டிபிகேட் நகலை அண்ணியிடமும், என்னுடையதை என் அம்மாவிடமும் வாங்கிக்கொண்டு, நம் போஸ்டர் ஒன்றையும் சுருட்டி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். இவர்கள் இரட்டைப் பிள்ளைகள், ரத்த உறவுதான், குழுவெல்லாம் தேவையில்லை என்றிருக்கிறான். அங்கே இருந்தவர் இரண்டு சர்டிபிகேட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, அப்பா பேர் வேறே, மதம் வேறே, இது எப்படியப்பா இரட்டை என்று கேட்டிருக்கிறார். அதற்கு இவன், “சார், அதெல்லாம் உடு சார். பொறந்த தேதியப் பாரு சார்” என்று சொல்லிவிட்டு மேஜை மேல் போஸ்டரை விரித்திருக்கிறான். அவர் கோபித்துக்கொள்ளவில்லையாம். போஸ்டரை மடித்துத் திருப்பிக் கொடுத்து, குழுவுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று பொறுமையாக எழுதிக் கொடுத்திருக்கிறார்.

குழுவின் முன்னால் நின்றேன். எவ்வளவு வாங்குகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டார்கள். அவர்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. அவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று அடுத்த கேள்வி. என்ன சொல்வது? கூடப் பாடுகிறவர் என்றேன். அது ஒரு உறவா என்பதுபோல் ஒருவர் பார்த்தார். நம் பிறந்தநாள் போட்டோக்களைக் கொண்டுபோயிருந்தேன். முதல் கேக், கருப்பு வெள்ளையில். என் கல்யாணத்துக்குப் பிந்தைய வருஷம், என் வீட்டுக்காரர் ஓரத்தில் திருதிருவென்று. என் பெண் உங்கள் மடியில் உட்கார்ந்து கேக்கில் கை வைக்கிற படம். கடைசியில் நீங்கள் முகம் வீங்கி நாற்காலியில். அவர்கள் அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். குழுவிலிருந்த ஒரு அம்மாள் மட்டும் கடைசிப் படத்தைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

அம்மா, ஊர், சட்டம், எல்லாம் தாண்டியாகிவிட்டது. பையில் நைட்டியும் துண்டும் எடுத்து வைத்துவிட்டேன். கடைசியாக ஒரே ஒரு பரிசோதனை பாக்கி. உங்கள் ரத்தத்தையும் என் ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. அதில்தான் சேரவில்லை.

அது சேரவில்லை என்று மட்டும்தான் உங்களிடம் சொன்னேன். ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. “நீ சாப்டியா?” என்றுதான் கேட்டீர்கள். பிறகு, ஞாயிற்றுக்கிழமை குரோம்பேட்டைக் கல்யாணம் இருக்கிறது, அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது, நீ போய்ப் பாடு என்றீர்கள். போனேன். என்ன பாடினேன் என்று இன்றைக்கும் நினைவில்லை.

ஏன் சேரவில்லை என்று டாக்டர் என்னிடம் சொன்னார். அதைத்தான் இவ்வளவு நாளாக உங்களிடமும் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை.

உங்களுக்கு ரத்தம் அடிக்கடி குறைந்துபோகும், ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது நினைவிருக்கிறதா? நினைவில்லாமலா? சேகர் ஆட்டோவில் பையன்களை ஏற்றி ஏற்றிக் கொண்டுவருவான். இரும்புலியூர்ப் பையன்கள், முடிச்சூர்ப் பையன்கள், பல்லாவரத்தில் மெக்கானிக் ஷெட்டில் வேலை பார்க்கிறவர்கள். கிரீஸ் கையைக் கழுவிவிட்டு வந்து படுப்பார்கள். கொடுத்துவிட்டு உங்கள் கட்டில் பக்கத்தில் வந்து நின்று, இனிமேல் நம் ரத்தம்தான் அண்ணன் உடம்பில் பாடப்போகிறது என்று பெருமை பேசுவார்கள். உங்களுக்கு வெட்கமாக இருக்கும்.

அந்த ரத்தம்தான் காரணம், அண்ணா. அடுத்தவர்கள் ரத்தம் திரும்பத் திரும்ப ஏறும்போது, வெளியிலிருந்து வருவதை எதிர்த்து நிற்க உடம்பு பழகிவிடுமாம். அத்தனை பேருடைய ரத்தத்தையும் வாங்கி வாங்கி, என்னை உள்ளே விடாத அளவுக்கு உங்கள் உடம்பு தயாராகிவிட்டது. அப்படியென்றால் ஏற்றாமல் இருந்திருக்கலாமே என்று டாக்டரிடம் கத்தினேன். அவர் பாவம், தலையைக் குனிந்துகொண்டு, “ஏத்தலன்னா அவர் போன வருஷமே இருந்திருக்க மாட்டாரும்மா” என்றார்.

யாரைக் கோபித்துக்கொள்வது? டாக்டரையா? வரிசையில் நின்று கையை நீட்டிய பையன்களையா? உங்கள் உடம்பையா? ஒருவர் மேலும் தப்பில்லை. தப்பு யார் மேலாவது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். எல்லோரும் நல்லதுதான் செய்தார்கள், அதனால்தான் இப்படி ஆனது என்றால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? எனக்கு இன்னும் தெரியவில்லை.

அடுத்த பிறந்தநாள் வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். அடக்கத்தன்று சர்ச் வாசலில் பையன்கள் நின்றிருந்தார்கள். என்னால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர்களோ நான் துக்கத்தில் பேசவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்த வருஷம் நம் பிறந்தநாள் அன்றைக்குச் சேகர் கச்சேரி வைக்கவில்லை. அதே மார்க்கெட் பக்கத்தில், அதே பந்தலில், உங்கள் பேரில் ரத்ததான முகாம் வைத்தான்.

நினைத்துப் பாருங்கள். ரத்ததானம்! என்னைத் திறந்து வைக்கக் கூப்பிட்டான். ஜுரம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த வருஷம் அந்த நாளில் காஞ்சிபுரத்தில் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டேன். நான் போய் நின்று, நல்ல காரியம் செய்கிறீர்கள் என்று அவர்களை எப்படிப் பாராட்டுவது? வாயைத் திறந்தால் உண்மை வந்துவிடுமோ என்று பயம். உண்மை தெரிந்தால் அந்தப் பையன்கள் உடைந்துபோவார்கள். அண்ணனை நாங்களேதான் காப்பாற்றவிடாமல் செய்துவிட்டோமா என்று ஒருத்தன் கேட்டால் நான் என்ன சொல்வேன்? உங்களை என்னால் காப்பாற்ற முடியவில்லை. அவர்களையாவது அதிலிருந்து காப்பாற்றலாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். மனதில் பிறந்தநாளையே துடைத்துப்போட்டுவிட்டு, பழையபடி ரோகிணிக்கு மட்டும் கோயிலுக்குப் போய் வந்தேன்.

இந்த வருஷம் சேகர் ஆள் அனுப்பவில்லை, அவனே வந்தான். நேற்று. மழையில் ஆட்டோவைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தான். தலையில் நரை. நோட்டீஸை பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்துக் கொடுத்தான். ‘இன்னிசை இரட்டையர் பிறந்தநாள் ரத்ததான முகாம்.’ நம் இரண்டு பேர் படமும் இருக்கிறது. நீங்கள் இறந்துவிட்டதாக அதில் எங்கேயுமே போடவில்லை.

“இந்த வாட்டி ஜுரம் கிரம்னு சொல்லக்கூடாதுக்கா” என்றான். “நீ வந்து உக்காந்தா போதும். பாடக்கூட வேணாம்.”

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. சொல்லிவிட்டேன். டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். நீங்களெல்லாம் கொடுத்த ரத்தத்தால்தான் என்னுடையது சேராமல் போனது, சேகர், நான் எப்படி அங்கே வந்து உட்காருவேன் என்று கேட்டேன். சொல்லி முடித்ததும் ஐயோ என்றிருந்தது. அவன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அவன் டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

“தெரியும்க்கா” என்றான். “அன்னிக்கே தெரியும். இன்னும் பசங்களை இட்டாரட்டுமா சார்னு நான்தான் டாக்டரைப் போய்க் கேட்டேன். அவரு உக்கார வெச்சு அல்லாத்தையும் சொன்னாரு. உனக்குத் தெரியக்கூடாதுன்னுதான் நான் வாயத் தொறக்கல.”

நான் அவனிடம் மறைத்தேன். அவன் என்னிடம் மறைத்தான். ஒரே விஷயத்தை இரண்டு பேரும் இரண்டு வருஷத்துக்கும் மேலாக ஆளுக்கொரு பக்கம் சுமந்திருக்கிறோம். பையன்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றான். முதல் முகாமுக்கு முன்னால் அவனே எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறான். இரண்டு பேர் அங்கேயே அழுதார்களாம். பல்லாவரத்துப் பையன் ஒருத்தன் ஒரு மாதம் ஸ்டாண்டு பக்கமே வரவில்லையாம். முகாம் அன்றைக்குக் காலையில் அவன்தான் முதலில் வந்து படுத்தானாம்.

தெரிந்துமா, என்றேன்.

“தெரிஞ்சுதான்க்கா வந்து படுக்கறானுங்க. சும்மா குந்திகினு கீறதுக்கு முடியல. அண்ணனுக்குக் குடுத்தது ஆவாம பூட்சு. ஜிஎஸ்டி ரோட்ல அடிபட்டு வர்றவனுக்காவது ஆவும்ல? எங்களாண்ட வேற இன்னா கீது, சொல்லு.”

அவன் பேன்ட்டை மறுபடி சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் போய்விட்டான். நான் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, நேரே போய்ச் சாதம் வடித்தார்.

அவர்கள் உடைந்துபோவார்கள் என்று பயந்து நான் ஒளிந்துகொண்டிருந்தேன். அவர்கள் உடைந்து, எழுந்து, பந்தல் போட்டு, என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இதனால் எனக்கு ஆறுதல் வந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். நீங்கள் இல்லை. அது அப்படியேதான் இருக்கிறது. கேக்குக் கடையைத் தாண்டும்போது இன்னமும் தெருவின் எதிர்ப்பக்கம் மாறித்தான் நடக்கிறேன். யாராவது ‘எத்தனை வயசு’ என்று கேட்டால், நான் சொல்கிற வயது உங்களுக்கு வராத வயது என்பதுதான் முதலில் தோன்றுகிறது. சேகர் சொன்னதை வைத்துக்கொண்டு இதையெல்லாம் சரிசெய்ய முடியாது. செய்ய வேண்டும் என்று அவனும் சொல்லவில்லை.

அதனால் பெரிதாக எதையும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கப்போவதில்லை. ஒன்றே ஒன்று. அடுத்த வாரம் அந்தப் பந்தலுக்குப் போவேன். திறந்து வைக்க இல்லை. கையை நீட்டிப் படுக்க. போன மாதம்தான் லேடி டாக்டர் எனக்கு ரத்தம் குறைவாக இருக்கிறது என்று திட்டினார், அதனால் என்னை எடுப்பார்களோ திருப்பி அனுப்புவார்களோ தெரியாது. இன்று காலையிலிருந்து முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமுமாகத் தின்றுகொண்டிருக்கிறேன். திருப்பி அனுப்பினால் அடுத்த வருஷம் போவேன். அப்போதும் அனுப்பினால் அதற்கடுத்த வருஷம். உங்களுக்குச் சேராத என் ரத்தம் எவனோ ஒருத்தனுக்குச் சேருகிறவரைக்கும், நம் பிறந்தநாளன்று நான் அந்த வரிசையில் பையன்களோடு நிற்பேன்.

கூடப் பிறக்காமல் கூடவே பிறந்த
உங்கள் தங்கை,
மல்லிகா